ஐந்து ஸ்ரார்ட்டுக்குப் பெற்றோல்

லெட்சுமி படலைக்கு வெளியிலேயே நின்றாள். உள்ளே வா என்று என் மனைவி இரண்டு தரம் கூப்பிட்டும் வரவில்லை. பனி இன்னும் நிலத்தை விட்டுக் கிளம்பாத விடியல். அவளிடமிருந்த ஒரே நல்ல சேலையான மஞ்சள் சேலையைக் கட்டியிருந்தாள். கையிலிருந்த சொப்பிங் பையிலிருந்து அவித்த கச்சான் கடலை மணம் வந்தது.

“அண்ணே எந்திரிச்சிட்டாங்களா?” என்று கேட்டாள்.

“அவர் படுத்தாலெல்லோ எழும்பிறதுக்கு” என்றாள் என் மனைவி. “கொப்பியும் பென்சிலுமாய் இருந்தவர். காட்டுக்குள்ளை இருக்கிற குரங்குகளின்ரை பேரையும் எழுதிப்போட்டாரோ தெரியாது.”

லெட்சுமி சிரிக்கவில்லை. வானத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு என்னுடைய மோட்டார் சைக்கிளைப் பார்த்தாள். அன்றைக்கு மத்தியானம் இரண்டு மணிக்குள் அவள் கனகராயன்குளத்தில் நிற்க வேண்டும். அங்கே அவளுடைய தாய் இருந்தா. இரண்டு மணிக்குப் பிறகு இருக்க மாட்டா.

துண்டுக் கடிதம்

நாங்கள் அப்போது முத்தையன்கட்டுப் பக்கம் இருந்தோம். நான் முரசுமோட்டையில் பிறந்தவன். அப்பா வடமராட்சியிலிருந்து வந்து அங்கே வயல் எடுத்தவர். கலியாணத்துக்குப் பிறகு மனைவி வழிக் காணியோடு நான் இங்கே வந்துவிட்டேன். லெட்சுமியும் அவள் புருஷன் ராமையாவும் எங்களுக்கு இரண்டு காணி தள்ளிக் கச்சானும் மிளகாயும் செய்தார்கள்.

லெட்சுமி மலையகத்தில், ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவள். இனக் கலவரத்துக்குப் பிறகு சித்தப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வன்னிக்கு வந்தபோது அவளுக்குப் பன்னிரண்டு வயதாம். தாய் சின்னப் பிள்ளைகளோடு தோட்டத்திலேயே நின்றுவிட்டா. பிறகு சண்டை வந்து பாதை அடைபட்டுப் போனது. பதினைந்து வருடத்துக்கு மேல் தாயும் மகளும் கண்டதில்லை.

அந்தத் தாய் எப்படியோ ஆமியிடம் போய்வரும் பாஸ் எடுத்து, வவுனியாவைத் தாண்டி, கனகராயன்குளத்தில் சித்தப்பா வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறா. மகள் இன்னும் அங்கேதான் இருக்கிறாள் என்ற நினைப்பு அவவுக்கு. மகளோ கலியாணம் கட்டி, காட்டுக்கு இந்தப் பக்கம் வந்து எத்தனையோ வருடமாயிற்று.

சித்தப்பா எழுதிய துண்டுக் கடிதம் கை மாறிக் கை மாறி ஒரு வியாழக்கிழமை பொழுதுபடும் நேரம்தான் எங்களிடம் வந்தது. லெட்சுமிக்கு வாசிக்கத் தெரியாது. நான்தான் வாசித்தேன். அம்மா வந்திருக்கிறா, நடக்க ஏலாது, பாஸ் வெள்ளியோடு முடிகிறது, இரண்டு மணி ட்ரக்டரில் திரும்ப வேண்டும், உடனே வரவும். அவ்வளவுதான்.

“நாளைக்குத் தானேண்ணே வெள்ளி?” என்றாள் லெட்சுமி. ஓம் என்றேன். ராமையா மலேரியாவில் நடுங்கிக்கொண்டு கிடந்தான். அவள் திரும்பி என்னுடைய மோட்டார் சைக்கிளைத்தான் பார்த்தாள்.

பயந்தவனின் கொப்பி

பயணத்துக்கு என்னைத் தேடி வருவதற்குக் காரணம் என் துணிச்சல் இல்லை. நான் பயந்தவன் என்பது முத்தையன்கட்டில் எல்லோருக்கும் தெரியும். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதற்கும் அதுதான் காரணம். அப்பாவுக்குச் சுகமில்லாமல் போனதால் விட்டேன் என்றுதான் எல்லோருக்கும் சொல்லி வந்தேன். அது பாதி உண்மைதான். மாரியில் வாய்க்கால் பெருகினால் பள்ளிக்கூடத்துக்கு ஒரு மரக்குத்தியில் நடந்து கடக்க வேண்டும். முந்தின நாள் மத்தியானமே அந்தக் குத்தியை நினைத்துப் பயப்படத் தொடங்கிவிடுவேன். அப்பா படுத்ததும் அது ஒரு சாட்டாகப் போயிற்று.

பயந்தவன் பாதையைக் கவனிப்பான். எந்த இடத்தில் மணல், எங்கே யானை குறுக்கறுக்கிறது, எந்தக் குளக்கட்டில் ஏறினால் வெளியாய்த் தெரிவோம் என்று போய்வந்த வழியையெல்லாம் ஒரு கொப்பியில் கீறி வைத்தேன். எனக்கு எழுத்து அவ்வளவு வராது. ஆகவே படமாகத்தான் போடுவேன். ஒன்றோடொன்று சாய்ந்த இரண்டு பாலை மரம், குளத்துத் தண்ணீர் திறக்கும் உடைந்த துருசு, புற்று, கல்லு. மற்றவர்கள் துணிவாகப் போய் வழி தவறி வந்து, பிறகு என் கொப்பியைக் கேட்பார்கள்.

போன மாதம் கொழும்பிலிருந்து இரண்டு பேர் பெரிய மோட்டார் சைக்கிள்களில் என் வாசலுக்கு வந்தார்கள். தார் ரோட்டு இல்லாத காட்டு வழியாகச் சுற்றுவதற்குத் திட்டம் போடுகிறார்களாம். யாரோ என்னைச் சொல்லிவிட்டிருக்கிறார்கள். போனில் வரைபடம், முழங்காலுக்குக் கவசம், தண்ணீர் குடிக்க முதுகில் ஒரு குழாய். “அங்கிள், நீங்கள் அந்த நாளில் என்ன பிளான் பண்ணிப் போனீங்கள்?” என்று கேட்டார்கள். நல்ல பிள்ளைகள். எங்கே தண்ணீர் கிடைக்கும், எங்கே இன்னும் மிதிவெடி எச்சரிக்கைப் பலகை நிற்கிறது என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். மற்றதைச் சொல்லக் களைப்பாக இருந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மண்ணெண்ணெயில் ஓடுவது

அந்த நாளில் பெற்றோல் வன்னிக்குள் வருவதில்லை. மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. ஆனால் மண்ணெண்ணெயில் ஓடுமே தவிர ஸ்ரார்ட் எடுக்காது. அதற்குக் கொஞ்சம் பெற்றோல் வேண்டும். கண்ணுக்கு மருந்து விடும் சின்னப் பிளாஸ்டிக் போத்தலில் அதை வைத்திருப்போம். காபரேட்டரின் வாய்க்குள் நாலு சொட்டு பீச்சிவிட்டு உதைத்தால் எஞ்சின் இருமிக்கொண்டு எழும்பும். பிறகு வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு மண்ணெண்ணெயிலேயே போகும். அந்த மணம் சேட்டில் ஏறினால் மூன்று தரம் தோய்த்தாலும் போகாது.

ஓடுகிற எஞ்சினை நிற்பாட்டக் கூடாது என்பதுதான் முதற் பாடம். நிற்பாட்டினாலும் சூடு ஆறுவதற்குள் உதைத்துவிட வேண்டும். சூடாக இருந்தால் சொட்டு இல்லாமலே பிடித்துக்கொள்ளும். ஆறிவிட்டால் திரும்ப நாலு சொட்டு.

ஆனால் ஓடுகிற மோட்டார் சைக்கிளில் இருப்பவனுக்கு வானத்துச் சத்தம் கேட்காது. பகலில் பெரிய ரோட்டில் வாகனத்தைக் கண்டால் ஆமியின் ஹெலிகொப்டர் சுற்றிச் சுற்றிச் சுடும். அதற்குப் பயந்துதான் காட்டு வழியே போனோம். காட்டிலும் மரமில்லாத வெட்டையான இடங்கள் உண்டு. அங்கே ஏறுவதற்கு முன் நிற்பாட்டி, காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் ஏறுவது. ஆகவே எங்கெங்கே நிற்பாட்டுவது என்பதுதான் பயணத் திட்டம்.

என் போத்தலில் ஐந்து ஸ்ரார்ட்டுக்குப் பெற்றோல் இருந்தது. வீட்டு வாசலில் ஒன்று. காட்டு முகப்பில் நின்று கேட்டபின் ஒன்று. ஆற்றைக் கடக்க முன் ஒன்று. மிச்சம் இரண்டு கையிருப்பு. திரும்பி வருவதற்குச் சித்தப்பாவிடம் கேட்கலாம். பதினெட்டு மைல் இருக்கும். எப்படி மெதுவாகப் போனாலும் பதினொரு மணிக்குப் போய்ச் சேரலாம். தாயும் மகளும் மூன்று மணித்தியாலம் இருந்து கதைக்கலாம். எல்லாம் கொப்பியில் இருந்தது.

தகர மூடி

காட்டு முகப்பில் ஒரு பெரிய வீரை மரம். உள்ளே போகிறவர்கள் வழிக்காவலுக்கென்று ஒரு இலைக் குழையை முறித்து அதில் தொங்கத் தூக்கிவிட்டுப் போவது வழக்கம். லெட்சுமி இரண்டு குழை தூக்கினாள். ஒன்று எனக்காம். நான் எஞ்சினை நிற்பாட்டிவிட்டுக் காது கொடுத்தேன். ஒரு சத்தமும் இல்லை. இரண்டாவது ஸ்ரார்ட். இதுவரை திட்டப்படி.

இரண்டு மைல் போயிருப்போம். பின்னால் ஒரு இரைச்சல் கேட்பதுபோல் இருந்தது. சட்டென்று திறப்பைத் திருகி நிற்பாட்டினேன். இரைச்சலும் நின்றது. நான் கையைக் காதில் குவித்து நாலு பக்கமும் திரும்பிக் கேட்டேன். லெட்சுமி இறங்கிப் போய்ப் பின்னால் கட்டியிருந்த மண்ணெண்ணெய்த் தகரத்தின் மூடியை ஒரு தட்டுத் தட்டினாள். அது இரைந்தது.

“இதுதாண்ணே” என்றாள். மூடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் ஒரு ஓரத்தைக் கிழித்துச் சுற்றி இறுக்கினாள். அந்த ஒரே நல்ல சேலையில். அதற்குள் எஞ்சின் ஆறிவிட்டது. மூன்றாவது ஸ்ரார்ட்.

அடுத்து ஒரு வற்றின குளம். அதன் வெட்டைக்கு வருமுன் உண்மையாகவே ஹெலி வந்தது. அந்தச் சத்தத்தை எஞ்சின் இரைச்சலுக்கு மேலாலும் நெஞ்சு அறியும். மரத்தின் கீழ் சாய்த்துவிட்டுக் குந்தினோம். தூரத்தில், மாங்குளப் பக்கமாகத்தான் அது போயிற்று. சத்தம் அடங்கிய பிறகும் நான் எழும்பவில்லை.

“அது போயி நேரமாச்சுண்ணே.”

“திரும்பி வரும் பிள்ளை. கொஞ்சம் பொறு.”

கொஞ்சம் பொறு என்று நான் சொன்னது ஒரு மணித்தியாலத்துக்கு மேல். எறும்புகள் என் காலில் ஏறி இறங்கின. லெட்சுமி கச்சான் பையை மடியில் வைத்துக்கொண்டு நிழல் நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் மணிக்கூடு இல்லை. நிழலைப் பார்த்து நேரம் சொல்லுவாள், அநேகமாகச் சரியாக இருக்கும். நாலாவது ஸ்ரார்ட்.

ஆற்றங்கரையில் திட்டப்படி நிற்பாட்டினேன். தண்ணீர் இல்லை, வெள்ளை மணல் மட்டும். ஐந்தாவது ஸ்ரார்ட். போத்தலை நசுக்கிப் பார்த்தேன். காற்றுத்தான் வந்தது. பரவாயில்லை, இனி நிற்பாட்டத் தேவையில்லை. அவளை நடக்கச் சொல்லிவிட்டு மணலில் காலால் தள்ளித் தள்ளி அக்கரை சேர்ந்தேன். இன்னும் நாலு மைல்.

இரண்டு பறவைகள்

அக்கரையில் ஏறிக் கொஞ்ச தூரத்தில் தலைக்கு மேலே ஊஷ் என்று ஒரு சத்தம். நான் யோசிக்கவில்லை. கைதான் செய்தது. திறப்பைத் திருகிவிட்டேன்.

பெரிய அலகுள்ள பறவைகள் இரண்டு, சோடியாக. அவை செட்டை அடித்தால் காற்றுக் கிழிகிற மாதிரி இருக்கும். இரண்டும் மரத்தில் போய் இருந்து எங்களைப் பார்த்தன.

“ஒதைங்கண்ணே” என்றாள் லெட்சுமி. “சூடு ஆறப்போவுது.”

“பொறு, பொறு. அதுக்குப் பின்னாலை வேறை ஏதோ சத்தம்.”

“ஒண்ணுமில்லண்ணே. ஒதைங்க.”

பின்னால் ஒன்றும் இருக்கவில்லை. என் காதுக்குள் என்னுடைய இரத்தம் ஓடும் சத்தம்தான். நான் அதைக் கேட்டு முடித்து உதைத்தபோது எஞ்சின் ஆறிவிட்டது. உதைத்தேன். பிளக்கைக் கழற்றிக் கரியைத் துடைத்துப் பூட்டி உதைத்தேன். மணல் பாதையில் தள்ளிக்கொண்டு ஓடிப் பார்த்தோம். வெள்ளைப் புகைகூட வரவில்லை.

சூரியன் உச்சிக்கு வந்துவிட்டிருந்தது. லெட்சுமி என் முகத்தைப் பார்க்காமல் கையை நீட்டினாள்.

“அந்தக் கொப்பியைக் குடுங்க.”

தனியாகப் போக வேண்டாம், யானை நிற்கும் இடம் என்றேன். இன்னொரு தரம் உதைத்துப் பார்க்கிறேன் என்றேன். யாராவது வருவார்கள் என்றேன். அவள் கொப்பியைத் திறந்து, அந்த நாலு மைலின் பக்கத்தைத் தானே கண்டுபிடித்தாள். ஆற்றைக் கோடாகக் கீறியிருந்தேன், அதை வைத்துத்தான்.

“இது என்னாண்ணே, ஆனையா?”

“இல்லை, புத்து.”

“ஆன மாதிரியே போட்டிருக்கீங்க.” செருப்பைக் கழற்றிப் பையில் வைத்தாள். சேலையைத் தூக்கிச் செருகினாள். “நீங்க பயந்துக்கிட்டே இருங்கண்ணே. நான் போயிட்டு வந்துர்றேன்.”

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. ராமையாவுக்குக் கஞ்சி அடுப்பில் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லும் அதே குரல்தான். அதனால்தான் இவ்வளவு காலமாகியும் காதை விட்டுப் போகவில்லை. மஞ்சள் சேலை பாலை மரங்களுக்கிடையில் கொஞ்ச நேரம் தெரிந்தது, பிறகு தெரியவில்லை. அவள் ஓடினாள் என்பது பிறகு வழியில் கண்ட காலடியில்தான் எனக்குத் தெரிந்தது. பெருவிரல் மட்டும் ஆழப் பதிந்திருந்தது. இடையிடையே கச்சான் சிந்திக் கிடந்தது.

தேயிலைப் பை

மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நான் கனகராயன்குளத்துச் சித்தப்பா வீட்டுக்குப் போனபோது நாலு மணி. ட்ரக்டர் போய்விட்டது. லெட்சுமி வேப்பமரத்தின் கீழ் ஒரு கதிரையில் இருந்தாள். காலில் மஞ்சள் அரைத்துப் பூசியிருந்தார்கள். வேறு யாரும் முற்றத்தில் இல்லை.

நான் கேட்க முதல் அவளே சொன்னாள்.

“அரமணி நேரம் கெடச்சிச்சுண்ணே.”

நான் மோட்டார் சைக்கிளை நிமிர்த்தி வைக்கிற சாட்டில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். மூன்று மணித்தியாலத்தில் அரை மணித்தியாலம் போனால் எவ்வளவு மிச்சம் என்று கணக்குப் பார்க்க எட்டாம் வகுப்பு வேண்டியதில்லை.

முதலில் தாய்க்கு அவளை அடையாளம் தெரியவில்லையாம். பன்னிரண்டு வயதுப் பிள்ளையைத் தேடிக்கொண்டு, இவளைத் தாண்டிப் பின்னால் பார்த்தாவாம். பிறகு கதைக்கத் தொடங்கியதும் ட்ரக்டர்க்காரன் ஹோர்ன் அடித்துவிட்டான். பையில் மிஞ்சியிருந்த கச்சானைத் தாய் மடியில் கட்டிக்கொண்டு போயிருக்கிறா.

“கூட்டியாந்தவரு எங்கன்னு கேட்டாங்க. பாத்து ஒரு கும்புடு போட்டுட்டுப் போகணும்னாங்க” என்றாள். “வண்டி ரிப்பேருன்னு சொன்னேன்.”

ரிப்பேர் என்றுதான் சித்தப்பாவிடமும் சொல்லியிருந்தாள். அந்த மனிதர் என்னிடம் வந்து எஞ்சினில் என்ன பிழை என்று அக்கறையாக விசாரித்தார். காபரேட்டரில் தூசி என்றேன். லெட்சுமி கொப்பியை என்னிடம் தந்தாள். கூடவே ஒரு சின்னப் பையையும் தந்தாள். தாய் எனக்கென்று விட்டுப்போன தேயிலை, தோட்டத்தில் கொடுக்கும் தூள். அதன் மணத்துக்கு முன் என் சேட்டின் மண்ணெண்ணெய் மணம் எனக்கே பொறுக்கவில்லை.

திரும்பும் வழி

அன்றிரவு அங்கேயே தங்கினோம். காலையில் சித்தப்பா எங்கேயோ கேட்டு இரண்டு ஸ்ரார்ட்டுக்குப் பெற்றோல் கொண்டுவந்தார். வாசலில் ஒன்று போயிற்று. மற்றது, வழியில் எஞ்சின் தானாக நின்றால் மட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஹெலி வந்தாலும் வரட்டும் என்று ஓடினேன். ஆற்றை எஞ்சினோடு கடந்தேன். வற்றின குளத்து வெட்டையை நிற்பாட்டாமல் கடந்தேன். துணிவு வந்துவிடவில்லை. நிற்பாட்ட வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

பின்னால் இருந்த லெட்சுமி வீரை மரத்துக்கு இன்னும் ஒரு மைல் இருக்கும்போது என் தோளில் தொட்டாள்.

“அண்ணே, ஒருக்கா நிப்பாட்டுங்க.”

முந்தின நாள் ஒதைங்க, ஒதைங்க என்று சொல்லிக்கொண்டு வந்தவள். நான் திறப்பைத் திருகினேன்.

காடு ஒரேயடியாக அமைதியானது. அவள் இறங்கி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு மரத்தில் கையை வைத்து நின்றாள். சேலைத் தலைப்பில் கிழிந்த ஓரம் தொங்கியது. அவள் அழுத சத்தம் பெரிதாகக் கேட்கவில்லை. நான் வானத்தைப் பார்க்கவில்லை. ஹெலியோ விமானமோ என்று காது கொடுக்கவும் இல்லை. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கட்டும், எஞ்சின் ஆறட்டும் என்று போத்தலைக் கையில் எடுத்து மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு நின்றேன். அந்த நாலு சொட்டையாவது அவளுக்கென்று செலவழிக்க வேண்டும் என்று இருந்தது.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து ஏறினாள்.

“போகலாண்ணே.”

காபரேட்டரில் போத்தலைப் பிடிக்கக் குனிந்தேன். எஞ்சின் அனல் முகத்தில் அடித்தது. நிமிர்ந்து, சும்மா ஒரு உதை உதைத்தேன். மண்ணெண்ணெயிலேயே பிடித்துக்கொண்டது.

அவள் அழுது முடித்தபோது அது இன்னும் ஆறியிருக்கவில்லை. போத்தலை மூடிச் சேட்டுப் பைக்குள் வைத்தேன். நாலு சொட்டும் அப்படியே வீடு வந்து சேர்ந்தது.